சத்தமில்லாமல் நின்றுபோகும் வேலைகள்

அந்தக் கோப்பின் அளவு 20 பைட். ஓர் இணையதளத்தின் முழுத் தரவுத்தளமும் அதற்குள் இருக்க வேண்டும். நியாயமாகப் பார்த்தால் 400 மெகாபைட்டாவது தேற வேண்டும். முந்தைய நாள் கோப்பைப் பார்த்தேன், 20 பைட். அதற்கு முந்தைய நாள், அதுவும் 20 பைட். கோப்புகளின் பெயர்களில் மட்டும் தேதி ஒரு நாள்கூடத் தவறவில்லை. ஒவ்வோர் இரவும் பேக்கப் எடுக்கப்பட்டிருந்தது, ஒழுங்காக, நேரத்துக்கு. உள்ளேதான் ஒன்றும் இல்லை.

ஒன்றுமே இல்லாததை ஜிஜிப் என்னும் சுருக்கும் நிரலிடம் கொடுத்தால் அது சரியாக 20 பைட்டில் ஒரு கோப்பைத் தரும். தலைப்புக்கு 10 பைட், உள்ளே எதுவும் இல்லை என்று குறிக்க 2, கடைசியில் சரிபார்ப்புக்கு 8. மூடியும் அடியும் மட்டும் கொண்ட காலி டப்பா.

நடந்தது இதுதான். தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை ஒரு நாள் மாற்றினேன். பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்டில் (கணினி வரிசையாகச் செய்ய வேண்டிய கட்டளைகளை எழுதி வைத்த கோப்பில்) பழைய கடவுச்சொல் இருந்ததை மறந்துவிட்டேன். அன்று முதல் ஒவ்வோர் இரவும் 2.30 மணிக்கு அந்த ஸ்கிரிப்ட் தரவுத்தளத்தின் கதவைத் தட்டியது. உள்ளே விட மறுத்தார்கள். கிடைத்த வெறுமையை அது ஜிஜிப்பிடம் நீட்டியது. ஜிஜிப் கடமை தவறாமல் சுருக்கி வைத்தது. அதே ஸ்கிரிப்டின் அடியில் '30 நாளுக்கு மேற்பட்ட பழைய பேக்கப்களை அழித்துவிடு' என்று இன்னொரு வரி இருந்தது. அது மட்டும் குறையில்லாமல் வேலை செய்தது. ஒரு மாதத்தில் உருப்படியான கடைசிக் கோப்பையும் அழித்து முடித்திருந்தது.

ஐந்து மாதம் கழித்து, தவறுதலாக நீக்கப்பட்ட ஒரு பக்கத்தின் பழைய பிரதி கேட்டு ஒருவர் வந்தபோதுதான் எனக்கு இது தெரிந்தது. போனது ஒரு பக்கம் மட்டும். சர்வரே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்க விரும்பவில்லை.

நேரம் குறித்து வைத்த வேலைகளைக் கண்காணிப்பது பற்றிய இந்த விளக்கத்தை அந்த 20 பைட்டிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. இணையதளம் விழுந்தால் உலகமே வந்து சொல்லும். பின்னணியில் ஓடும் வேலை நின்றுபோனால் ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

யாரும் பார்க்காத நேரத்தில் ஓடுபவை

சர்வர் என்றால் கேட்டவர்களுக்குப் பக்கங்களை எடுத்துக் கொடுக்கும் கணினி என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறோம். அது பகலில் ஊர் பார்க்கச் செய்யும் வேலை. இதைத் தவிர, கேட்க ஆளில்லாமலேயே அது செய்யும் வேலைகள் பல. தினமும் பேக்கப் எடுப்பது, நடப்பதைப் பதிவு செய்து குவியும் லாக் கோப்புகளை வாரம் ஒருமுறை ஒதுக்குவது, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வரிசையில் காத்திருக்கும் மின்னஞ்சல்களை அனுப்புவது, தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழைக் காலாவதியாகும் முன் புதுப்பிப்பது, சந்தாதாரர்களுக்கு மாதத்தின் முதல் தேதியில் ரசீது உருவாக்குவது என்று பட்டியல் நீளும்.

யூனிக்ஸ் வழி வந்த இயங்குதளங்களில் இவற்றுக்கு அலாரம் வைப்பது கிரான் என்னும் சிறு நிரல். 1979இல் பெல் ஆய்வகத்திலிருந்து வெளிவந்த யூனிக்ஸின் ஏழாம் பதிப்பிலேயே அது இருந்தது. இன்று பல லினக்ஸ் கணினிகளில் ஓடுவது, பால் விக்ஸி 1987இல் எழுதிய வடிவமோ அதன் வாரிசோதான். செய்வது மிக எளிய காரியம்: நிமிடத்துக்கு ஒருமுறை விழித்துக்கொள்ளும், இந்த நிமிடத்தில் ஓட வேண்டிய வேலை எதுவும் இருக்கிறதா என்று பட்டியலைப் பார்க்கும், இருந்தால் ஓட்டிவிடும், மறுபடி தூங்கிவிடும்.

பட்டியலில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி. வரியின் தொடக்கத்தில் நேரத்தைச் சொல்லும் ஐந்து இடங்கள் இருக்கும்:

30 2 * * *

இடமிருந்து வலமாக நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை. நட்சத்திரக் குறி 'எதுவானாலும் சரி' என்று பொருள்படும். ஆக, மேலே இருப்பது எந்த நாளானாலும் அதிகாலை 2.30 மணிக்கு ஓட்டச் சொல்கிறது. அதற்குப் பின் ஓட்ட வேண்டிய கட்டளையை எழுத வேண்டும். அவ்வளவுதான் கிரான்.

இந்த எளிமைதான் அதன் பலம். பலவீனமும் அங்கேதான் இருக்கிறது. கிரானுக்குத் தெரிந்ததெல்லாம் வேலையைத் தொடங்கிவிடுவது. அது முடிந்ததா, முடிந்தது உருப்படியாக முடிந்ததா என்பதெல்லாம் அதன் கவலை இல்லை.

எப்படியெல்லாம் நிற்கும்

புதிதாக சர்வர் நடத்த வருபவர்கள், ஸ்கிரிப்டில் பிழை இருந்தால்தான் வேலை கெடும் என்று நம்புகிறார்கள். என் அனுபவத்தில் ஸ்கிரிப்ட் அப்படியே இருக்கும்; அதைச் சுற்றியுள்ள உலகம்தான் மாறிவிடும். கடவுச்சொல் மாறும். வட்டு நிரம்பிவிடும். பேக்கப் போய்ச் சேரும் தொலைதூரக் கணக்கின் அனுமதி காலாவதியாகும். சர்வரைப் புதிய இயந்திரத்துக்கு மாற்றும்போது எல்லாக் கோப்புகளையும் கவனமாக எடுத்துச் சென்றுவிட்டு, கிரான் பட்டியலை மட்டும் பழைய இயந்திரத்தில் விட்டுவிட்டு வருவார்கள். கடைசியாகச் சொன்னது நீங்கள் நினைப்பதைவிட அதிகம் நடக்கிறது, ஏனென்றால் அந்தப் பட்டியல் இணையதளத்தின் கோப்புகளோடு சேர்ந்து இருப்பதில்லை.

'கையால் ஓட்டினால் ஓடுகிறது, கிரானில் ஓடவில்லை' என்பது இந்தத் துறையின் நிரந்தரப் புலம்பல். நீங்கள் உள்நுழைந்து ஒரு கட்டளையைத் தரும்போது, அந்த நிரல் எந்தெந்த அடைவுகளில் (கோப்புறைகளில்) கிடைக்கும் என்ற நீண்ட பட்டியலைக் கணினி உங்களுக்காக முன்பே தயாராக வைத்திருக்கும். கிரானிடம் இருப்பது அதன் மெலிந்த வடிவம். பெரும்பாலும் இரண்டே அடைவுகள். நிரலின் முழுப் பாதையையும் எழுதாவிட்டால் 'அப்படி ஒரு கட்டளையே இல்லை' என்று சொல்லிவிட்டு வேலை அங்கேயே முடிந்துவிடும். கோப்பின் பெயரில் தேதியைச் சேர்க்க நினைப்பவர்களைச் சதவீதக் குறி படுத்தும் பாடு தனி. கிரான் பட்டியலில் அந்தக் குறிக்கு 'வரி இங்கே முடிகிறது' என்று பொருள். கட்டளைகளைக் கையால் தட்டும் முனையத்தில் அழகாக ஓடிய அதே வரி, பட்டியலுக்குள் போனதும் பாதியில் வெட்டுப்பட்டு விழும்.

வேலை தொடங்காமலே போவதும் உண்டு. குறித்த நிமிடத்தில் கணினி அணைந்திருந்தால், சாதாரண கிரான் அந்த முறையை விட்டுவிடும். பிறகு எழுந்ததும் பிடித்துக்கொள்ளாது. (விட்டதைப் பிடிக்க அனாகிரான் என்று தனியாக ஒன்று இருக்கிறது. கிரானுக்கு மாற்றான சிஸ்டம்டி டைமர்களிலும் அதற்கு வசதி உண்டு, கேட்டு வாங்க வேண்டும்.) கடிகாரத்தை ஆண்டுக்கு இருமுறை மாற்றும் நாடுகளின் நேரத்தில் சர்வர் ஓடினால், வசந்தத்தில் ஒரு நாள் 2.30 மணி என்பதே இல்லாமல் போகலாம், இலையுதிர் காலத்தில் ஒரு நாள் இரண்டு முறை வரலாம். சில கிரான் வடிவங்கள் இதைச் சமாளிக்கும், எல்லாம் அல்ல. சர்வரின் கடிகாரத்தை யு.டி.சி. எனப்படும் உலகப் பொது நேரத்தில் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை போய்விடும். நான் அப்படித்தான் வைக்கிறேன்.

இன்னொரு வகை, ஒன்றன் மேல் ஒன்று ஏறுவது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் வேலை ஒரு நாள் ஏழு நிமிடம் எடுக்கிறது. முதலாவது முடியும் முன்பே இரண்டாவது தொடங்கிவிடும். இரண்டும் ஒரே வட்டுக்கும் நினைவகத்துக்கும் போட்டியிடுவதால் இரண்டுமே இன்னும் தாமதமாகும். அதற்குள் மூன்றாவது வந்து நிற்கும். காலையில் பார்த்தால் நாற்பது பிரதிகள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டிருக்கும். எஃப்லாக் என்னும் பூட்டுக் கட்டளை இதற்கென்றே இருக்கிறது: ஏற்கனவே ஒருவர் உள்ளே இருந்தால் அடுத்தவர் திரும்பிப் போய்விட வேண்டும்.

இணையதளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளை வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிச் செய்தி. அதற்குள் இருக்கும் கிரானுக்குக் கடிகாரமே கிடையாது. யாராவது தளத்துக்கு வரும்போதுதான், 'நேரமாகிவிட்ட வேலை ஏதாவது இருக்கிறதா' என்று பார்க்கும். கூட்டம் வரும் தளத்தில் இது தெரியாது. நாளுக்கு நாலு பேர் வரும் தளத்தில், காலை ஆறு மணிக்கு வெளியாக வேண்டிய கட்டுரை முதல் வாசகர் வரும்வரை உள்ளேயே காத்திருக்கும். பக்கங்களை முன்கூட்டியே சேமித்து வைத்துக் கொடுக்கும் கேஷ் அமைப்பு முன்னால் இருந்தால், வாசகர்கள் வந்தாலும் வேர்ட்பிரஸின் தூக்கம் கலையாமல் போகலாம். அந்த உள்கிரானை அணைத்துவிட்டு, சர்வரின் உண்மையான கிரானிலிருந்து தட்டி எழுப்புவதே சரியான வழி.

'தவறினால் சொல்' என்பது ஏன் போதாது

கிரானை உருவாக்கியவர்கள் இதையெல்லாம் யோசிக்காமல் இல்லை. ஒரு வேலை எதையாவது அச்சிட்டால், கிரான் அதை அப்படியே மின்னஞ்சலாக அனுப்பும். பிழை வந்தால் பிழைச் செய்தி வரும், நீங்கள் படித்துக்கொள்ளலாம். எல்லாரும் ஒரே பெரிய கணினியில் உட்கார்ந்து வேலை செய்த காலத்தில் இது கச்சிதமாக இருந்தது. இன்றைய சர்வர்கள் பலவற்றில் மின்னஞ்சல் அனுப்பும் வசதியையே நிறுவுவதில்லை. நிறுவினாலும் போய்ச் சேரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இதற்குப் பொதுவெளியில் பதிவான பாடம் ஒன்று உண்டு. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், பழுதான துணைச் சர்வர் என்று நினைத்து முதன்மைச் சர்வரின் தரவு அடைவை அழித்துவிட்டார். ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்துவதற்குள், ஏறத்தாழ 300 கிகாபைட்டில் 4.5 கிகாபைட்தான் மிஞ்சியது. சரி, பேக்கப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தார்கள். கிடங்கு காலியாக இருந்தது. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 9.6இல் ஓடியது, பேக்கப் நிரலோ 9.2ஆம் பதிப்பைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் பிழையோடு நின்றிருந்தது. பிழையைச் சொல்லும் கிரான் மின்னஞ்சல்கள் கிளம்பத்தான் செய்தன. ஆனால் போலி அஞ்சல்களைத் தடுக்கும் டிமார்க் முறைக்கு ஏற்ப அவை கையொப்பமிடப்படாததால், பெறும் பக்கம் அவற்றை ஏற்க மறுத்துவிட்டது. வேறொரு சோதனைக்காக ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் கையால் எடுத்து வைத்திருந்த ஒரு நகல்தான் நிறுவனத்தைக் காப்பாற்றியது. ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். இவ்வளவையும் அவர்களே வெளிப்படையாக எழுதி வெளியிட்டார்கள். அந்த நேர்மைக்காகவே அந்த நிகழ்வு இன்றும் பேசப்படுகிறது.

கவனித்துப் பாருங்கள்: அங்கே எச்சரிக்கை ஏற்பாடு இருந்தது. வேலை தவறியதும் எச்சரிக்கை கிளம்பியதும் உண்மை. வந்து சேராத எச்சரிக்கையும் எல்லாம் நலம் என்பதும் பார்ப்பவர் பக்கத்திலிருந்து ஒரே மாதிரிதான் தெரியும். இரண்டுமே மௌனம். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பார்கள். சர்வர் விஷயத்தில் அந்தப் பழமொழியை நம்பினால் கெட்டோம்.

தவறினால் சத்தம் போடு என்று ஒரு வேலையிடம் சொல்லி வைப்பதில் அடிப்படையிலேயே ஓட்டை இருக்கிறது. தொடங்கவே இல்லாத வேலை எப்படிச் சத்தம் போடும்? மின்சாரம் போன இயந்திரம் எதைச் சொல்லும்?

ஏற்பாட்டைத் திருப்பிப் போடுவது

தீர்வு, கேள்வியைத் திருப்பிப் போடுவதில் இருக்கிறது. தவறும்போது சொல்லாதே, முடித்ததும் சொல். நீ சொல்லாவிட்டால் நான் அலறுகிறேன்.

இந்த யோசனை கணினிக்கு முந்தையது. ரயில் எஞ்சின்களில் ஓட்டுநர் கையாலோ காலாலோ தொடர்ந்து அழுத்திப் பிடித்திருக்க வேண்டிய பிடி ஒன்று உண்டு. அவர் மயங்கி விழுந்தால் பிடி விடுபடும், வண்டி தானாக நின்றுவிடும். 'எனக்கு உடம்புக்கு முடியவில்லை' என்று அவர் பொத்தானை அழுத்த வேண்டும் என்று வைத்திருந்தால் அது யாருக்கும் உதவியிருக்காது.

சர்வர் வேலைகளுக்கு இதே முறையை இதயத்துடிப்புக் கண்காணிப்பு என்கிறார்கள். வெளியே எங்கோ இருக்கும் ஒரு கண்காணிப்புக் கருவியில் உங்கள் வேலைக்கு ஒரு பெயர் கொடுத்துப் பதிவு செய்கிறீர்கள். அது அந்த வேலைக்கென்றே நீளமான, ஊகிக்க முடியாத ஓர் இணைய முகவரியைத் தரும். வேலை முடிந்ததும் ஸ்கிரிப்ட் அந்த முகவரியை ஒருமுறை திறந்துவிட்டு வர வேண்டும். இதைத்தான் பிங் என்பார்கள். கருவி நேரத்தைக் குறித்துக்கொள்ளும். அடுத்த பிங் வர வேண்டிய நேரத்தில் வராவிட்டால் உங்களை எழுப்பும். ஹெல்த்செக்ஸ், குரோனிட்டர், டெட் மேன்ஸ் ஸ்னிட்ச் போன்றவை இந்த ஒரு காரியத்துக்காகவே உருவானவை. சொந்தமாக நிறுவிக்கொள்ள விரும்பினால் ஹெல்த்செக்ஸின் நிரலே திறந்த மூலமாகக் கிடைக்கிறது. அப்டைம் குமா என்னும் திறந்த மூலக் கருவியிலும் இந்த வகைக் கண்காணிப்பு உண்டு. எது என்பது எனக்கு இரண்டாம்பட்சம். ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஒரு வாரம் ஆராய்ச்சி செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு வாரமும் பேக்கப் கண்காணிப்பில்லாமல்தான் ஓடும்.

கிரான் வரியில் இதைச் சேர்க்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் தொடக்கநிலையில் இருப்பவர்கள் ஒரே ஒரு குறியில் ஏமாந்துவிடுகிறார்கள். பேக்கப் கட்டளைக்கும் பிங் கட்டளைக்கும் நடுவே என்ன போடுவது? அரைப்புள்ளி (;) போட்டால் 'முதலாவது என்ன ஆனாலும் சரி, அடுத்ததைச் செய்' என்று பொருள். பேக்கப் படுதோல்வி அடைந்திருக்கும், பிங் மட்டும் சிரித்த முகத்தோடு போய்ச் சேரும். போட வேண்டியது && என்ற இரட்டைக் குறி. 'முதலாவது நல்லபடி முடிந்தால் மட்டுமே அடுத்தது' என்று அதற்குப் பொருள். ஒவ்வொரு நிரலும் முடியும்போது ஓர் எண்ணைச் சொல்லிவிட்டுத்தான் போகும்; 0 என்றால் வெற்றி, வேறு எதுவானாலும் தோல்வி. && பார்ப்பது அந்த எண்ணைத்தான்.

பிங் அனுப்பப் பெரும்பாலும் கர்ல் என்னும் சிறு நிரலைப் பயன்படுத்துவார்கள். அதனிடம் இரண்டு நிபந்தனைகளைச் சொல்லி வைப்பது நல்லது: 10 நொடிக்கு மேல் பதிலுக்காகக் காத்திராதே, போய்ச் சேராவிட்டால் சில முறை மறுபடி முயன்று பார். இல்லையென்றால் கண்காணிப்புக் கருவியின் பக்கம் ஏதோ மந்தமாக இருக்கும் நாளில், அதைப் பார்த்துக்கொண்டு உங்கள் வேலை வாசலில் உட்கார்ந்திருக்கும்.

எவ்வளவு நேரம் பொறுப்பது

கருவி கேட்கும் முதல் கேள்வி, பிங் எப்போது வரும் என்பது. இரண்டு விதமாகச் சொல்லலாம். '24 மணிக்கு ஒருமுறை' என்று இடைவெளியாகச் சொன்னால், கடைசி பிங்கிலிருந்து எண்ணத் தொடங்கும். அல்லது கிரானின் ஐந்து இடங்களை அப்படியே கொடுத்துவிடலாம், அப்போது 2.30 மணியிலிருந்து எண்ணும். வார நாட்களில் மட்டும் ஓடும் வேலை, மாதம் ஒருமுறை ஓடும் வேலை போன்றவற்றுக்கு இரண்டாவதுதான் சரிப்படும். இடைவெளியாகச் சொன்னால் சனி, ஞாயிறு தோறும் வீண் அலறல் கேட்டு எழுவீர்கள். ஐந்தாம் வாரம் அந்த அலறலைக் காதில் வாங்கவே மாட்டீர்கள். கிரான் வடிவில் கொடுக்கும்போது நேர மண்டலத்தையும் சர்வரில் இருப்பது போலவே கொடுக்க மறக்கக் கூடாது.

இரண்டாவது கேள்வி, எவ்வளவு தாமதத்தைப் பொறுக்கலாம் என்பது. பேக்கப் வழக்கமாக 12 நிமிடத்தில் முடிகிறது, மாதக் கடைசியில் 25 நிமிடம் ஆகிறது என்றால், ஒரு மணி நேரம் பொறுக்கலாம். 2.30க்குத் தொடங்க வேண்டிய வேலையிடமிருந்து 3.30 வரை சேதி இல்லையென்றால் எச்சரிக்கை வரும். இதைப் பத்து நிமிடமாக வைப்பவர்கள் அடிக்கடி பொய் எச்சரிக்கை பெறுவார்கள். இரண்டு நாளாக வைப்பவர்கள் எச்சரிக்கை வைத்தும் வைக்காதவர்கள். வேலை தவறினால் எப்போது வலிக்கும் என்று பார்த்து, அதற்கு முன்னால் சரிசெய்ய நேரம் இருக்கும்படி வைப்பது என் வழக்கம்.

முடிந்ததும் ஒரு பிங் என்பதோடு தொடங்கும்போதும் ஒன்று அனுப்ப முடிந்தால் கருவியால் இன்னும் கொஞ்சம் சொல்ல முடியும். தொடங்கவே இல்லையா, தொடங்கி நடுவில் மாட்டிக்கொண்டதா என்பது பிரிந்து தெரியும். எவ்வளவு நேரம் ஓடியது என்பதும் தெரியும். இந்த இரண்டாவதை நான் மிகவும் மதிக்கிறேன். 12 நிமிடம் ஓடிய வேலை மாதந்தோறும் 15, 19, 26 என்று நீண்டுகொண்டே போனால் ஏதோ ஒன்று நிரம்பிக்கொண்டிருக்கிறது. 12 நிமிடம் ஓடிய வேலை திடீரென்று 3 நொடியில் முடிந்தால், அது இன்னும் மோசம். என் 20 பைட் கோப்புகள் எத்தனை நொடியில் உருவாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பிங் வந்தது, வேலை நடந்ததா?

அந்தக் கதைக்கு இப்போது திரும்ப வேண்டியிருக்கிறது. இந்த ஏற்பாடு அப்போதே இருந்திருந்தால் தப்பித்திருப்பேனா? உண்மையைச் சொன்னால், இல்லை.

அந்த வரியில் தரவுத்தளத்திலிருந்து தரவை எடுக்கும் நிரலின் வெளியீடு, குழாய்க்குறி (|) வழியாக ஜிஜிப்புக்குப் போனது. இப்படி இரண்டு நிரல்களைக் குழாயால் இணைத்தால், முழு வரியின் வெற்றி தோல்வியாகக் கணக்கில் வருவது கடைசி நிரல் சொல்லும் எண் மட்டும். முன்னால் இருப்பது 'தோல்வி' என்று கத்தியது. பின்னால் இருந்த ஜிஜிப் 'எனக்குக் கொடுத்ததைச் சுருக்கிவிட்டேன், 0' என்றது. && அதை வெற்றி என்றே எடுத்துக்கொண்டிருக்கும். பிங் போயிருக்கும். ஐந்து மாதமும் பச்சை விளக்கு எரிந்திருக்கும்.

கட்டளைகளை ஓட்டும் பேஷ் என்னும் நிரலுக்கு எழுதும் ஸ்கிரிப்டில் இதற்குப் பைப்ஃபெயில் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதை இயக்கிவிட்டால் குழாயில் எந்தக் கண்ணி அறுந்தாலும் முழு வரியும் தோல்வியாகக் கருதப்படும். ஒரு ஸ்கிரிப்டின் தலையில் நான் முதலில் எழுதுவது இப்போது அதைத்தான். அதோடு நிற்பதில்லை. பிங் அனுப்பும் முன் ஸ்கிரிப்ட் விளைவையே நேரில் போய்ப் பார்க்க வேண்டும்: இன்றைய தேதியில் கோப்பு இருக்கிறதா, 300 மெகாபைட்டுக்குக் குறையாமல் இருக்கிறதா, சுருக்கிய கோப்பைப் பிரித்தால் பிரிகிறதா, தரவுத்தளம் கடைசியில் எழுதும் முடிவு வரி அதில் இருக்கிறதா. நான்கும் தேறினால் பிங். பழையவற்றை அழிக்கும் வரி அதற்கும் பிறகு, இவை தேறிய நாளில் மட்டும். ஸ்கிரிப்டில் ஆறு வரிகள் கூடும், அவ்வளவுதான்.

மாதம் ஒருமுறை அந்தக் கோப்பை ஒரு காலிச் சர்வரில் ஏற்றி, தளம் எழுந்து நிற்கிறதா என்று பார்ப்பது இன்னும் நல்லது. அதையும் ஒரு கிரான் வேலையாக்கி அதற்கும் ஒரு பிங் வைத்திருக்கிறேன். சற்று அதிகப்படி என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

வெளியிலிருந்து பார்ப்பது

இதுவரை சொன்னது உள்ளேயிருந்து வெளியே சேதி அனுப்பும் வகை. இதற்கு எதிர்த்திசையில் ஓடுவது, பலரும் ஏற்கனவே அறிந்த வகை: வெளியிலிருக்கும் கருவி ஒன்று நிமிடத்துக்கோ ஐந்து நிமிடத்துக்கோ ஒருமுறை உங்கள் தளத்தைத் திறந்து பார்க்கும், திறக்காவிட்டால் சொல்லும். இதில் சொல்ல அதிகம் இல்லை. ஒன்றே ஒன்று: 'எல்லாம் சரி' என்று பொருள்படும் 200 என்ற பதில் எண் வந்தால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். 'தரவுத்தளத்துடன் இணைய முடியவில்லை' என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, கூடவே 200 என்று சொல்லும் தளங்கள் உண்டு. பக்கத்தில் எப்போதும் இருக்க வேண்டிய ஒரு சொல்லைக் கருவியிடம் கொடுத்து, அது இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள்.

இரண்டு வகையும் சேர்ந்து தேவைப்படும் இடம் பாதுகாப்புச் சான்றிதழ். லெட்ஸ் என்கிரிப்ட் வழக்கமாகத் தரும் இலவசச் சான்றிதழின் ஆயுள் 90 நாள். சர்ட்பாட் போன்ற நிரல் நாளுக்கு இருமுறை எழுந்து பார்த்து, காலாவதி நெருங்கியதும் புதுப்பித்துவிடும். அது நின்றுபோனால் முன்பெல்லாம் லெட்ஸ் என்கிரிப்டே மின்னஞ்சலில் நினைவூட்டும். 2025 ஜூன் 4 அன்று அந்தச் சேவையை நிறுத்திவிட்டார்கள். இனி நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேல், பொதுச் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுளையே படிப்படியாகக் குறைத்து 2029 மார்ச் 15 முதல் 47 நாளாக்க, சான்றிதழ் வழங்குவோரும் உலாவி உருவாக்குவோரும் சேர்ந்த மன்றம் 2025இல் முடிவு செய்துவிட்டது. நாட்காட்டியில் குறித்து வைத்துக் கையால் புதுப்பித்துக்கொள்கிறேன் என்பவர்கள் அந்தப் பழக்கத்தை விட்டாக வேண்டும். புதுப்பிக்கும் வேலைக்கு ஒரு பிங் வையுங்கள். வெளியிலிருந்து சான்றிதழின் மீதி நாட்களை எண்ணி, 14 நாளுக்குக் கீழே போனால் சொல்லும்படியும் வையுங்கள். சான்றிதழ் புதுப்பிக்கப்பட்டு, ஆனால் வலைச் சர்வர் பழையதையே கையில் பிடித்துக்கொண்டிருக்கும் நிலை ஒன்று உண்டு. வட்டில் புதிய கோப்பு இருக்கும், வாசகருக்குப் போவது பழையது. அதை வெளிக்கண் மட்டுமே பார்க்கும்.

எங்கே வைப்பது, யாரை எழுப்புவது

கண்காணிப்புக் கருவியைச் சொந்தமாக நிறுவுபவர்கள் பலர் அதைக் கண்காணிக்கப்படும் அதே சர்வரில் வைத்துவிடுகிறார்கள். சர்வர் விழும்போது காவலாளியும் சேர்ந்து விழுவான். வேறொரு இயந்திரம், முடிந்தால் வேறொரு நிறுவனத்தின் இயந்திரம் வேண்டும். எச்சரிக்கை போகும் வழிக்கும் இதே விதி. உங்கள் மின்னஞ்சல் சர்வர் நின்றுவிட்டது என்ற சேதியை அதே மின்னஞ்சல் சர்வருக்கு அனுப்பிப் பயனில்லை. கைப்பேசிக்கு நேரே வரும் வழி ஒன்றாவது இருக்கட்டும்.

பிங் முகவரியைக் கடவுச்சொல் போலவே பாதுகாக்க வேண்டும். அது தெரிந்த எவரும் உங்கள் வேலைக்குப் பதிலாக 'முடிந்துவிட்டது' என்று சொல்லிவிட முடியும். ஸ்கிரிப்டை எவரும் பார்க்கக்கூடிய பொது நிரல் களஞ்சியத்தில் போடும்போது இதைக் கவனிக்காமல் விட்டவர்களில் நானும் ஒருவன்.

எல்லா வேலைக்கும் நள்ளிரவில் மணி அடிக்க வேண்டியதில்லை. லாக் கோப்புகளை ஒதுக்கும் வேலை ஒரு நாள் ஓடாவிட்டால் காலையில் மின்னஞ்சலில் தெரிந்தால் போதும். பணம் பிடிக்கும் வேலை இரண்டு முறை ஓடினால் அப்போதே எழ வேண்டும். பிரிக்காமல் எல்லாவற்றையும் ஒரே சத்தத்தில் வைத்தால், மூன்றாம் வாரத்தில் அந்தச் செயலியையே மௌனமாக்கிவிடுவீர்கள். பிறகு தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்வீர்கள். குழுவாக நடத்தும் தளமென்றால் எச்சரிக்கை யாருக்குப் போகிறது என்பதைப் பெயர் சொல்லி எழுதி வையுங்கள். 'எல்லாருக்கும்' என்று போகும் சேதியை எல்லாரும் பார்ப்பார்கள், அடுத்தவர் கவனித்துக்கொள்வார் என்று நினைப்பார்கள்.

இவ்வளவையும் அமைத்து முடித்ததும் திரை முழுக்கப் பச்சையாக இருக்கும். அந்தப் பச்சையை நம்பாமல் இன்னொன்று செய்யுங்கள். கிரான் பட்டியலைத் திறந்து, பேக்கப் வரியின் முன்னால் # குறி ஒன்றைப் போட்டு அதை உறங்க வையுங்கள். கைப்பேசியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுங்கள். 3.30 மணிக்கு அது அடிக்க வேண்டும். அடித்தால் எழுந்து # குறியை எடுத்துவிட்டு, பேக்கப்பைக் கையால் ஒருமுறை ஓட்டிவிட்டுத் தூங்கலாம். நான் முதன்முதலில் இப்படிச் செய்த இரவு அது அடிக்கவில்லை. அறிவிப்புகளை இரவு பத்து முதல் காலை ஆறு வரை அடக்கி வைக்கும்படி கைப்பேசியில் நானே எப்போதோ அமைத்திருந்தேன்.